பயணத்தில் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்: உட்கார்ந்தால் மாட்டலாம்... எழுந்தால் கழற்றணும்! ஏன்?

வெள்ளிக்கிழமை இரவு கிளாம்பாக்கத்தில் ஊருக்கு பஸ் ஏறும் இளைஞர்களைப் பார்த்தாலே தெரியும். முதுகில் லேப்டாப் பை, கையில் போன், காதில் இயர்பட்ஸ் அல்லது தலையைச் சுற்றி ஒரு பெரிய ஹெட்போன். அடிக்கடி விமானத்தில் பறப்பவர்களிடம் மட்டும் ஒரு காலத்தில் இருந்த 'நாய்ஸ் கேன்சலிங்' வசதி, இப்போது சில ஆயிரம் ரூபாய் இயர்பட்ஸிலேயே கிடைக்கிறது. ஒரு தட்டு தட்டினால் போதும். இன்ஜின் உறுமல், ஏசி இரைச்சல், டயர் சத்தம் எல்லாம் அடங்கிவிடும்.

'எல்லாம் பந்தா' என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு பக்கம். 'இது இல்லாம டிராவலே பண்ண முடியாது' என்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த வாக்குவாதத்தில் முக்கியமான கேள்வி விட்டுப்போகிறது: எப்போது, எங்கே? பஸ் இருக்கையில் காதைக் காப்பாற்றும் அதே கருவி, பஸ்ஸை விட்டு இறங்கிய அடுத்த நிமிடம் உயிருக்கே உலை வைக்கலாம். கருவி மாறவில்லை. போட்டிருப்பவர் உட்கார்ந்திருக்கிறாரா, நடக்கிறாரா, ஓட்டுகிறாரா என்பதுதான் மாறியிருக்கிறது.

சத்தத்தைச் சத்தத்தால் அழிப்பது எப்படி?

ஒலி என்பது காற்றில் பரவும் அலை. அலைக்கு மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. ஹெட்போனில் இருக்கும் சின்ன மைக், வெளிச் சத்தத்தை நொடிக்கு நொடி பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சிப், அந்த அலைக்கு நேர் எதிரான இன்னொரு அலையை உருவாக்குகிறது. அங்கே மேடு என்றால் இங்கே பள்ளம். இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

'அப்படின்னா காதுக்குள்ள ரெண்டு மடங்கு சத்தம் போகுமே, கெடுதல் இல்லையா?' என்று பலர் கேட்பதுண்டு. இல்லை. இரண்டு அலைகளும் கழிந்த பிறகு மிச்சம் இருப்பதுதான் காதுக்குப் போகிறது. சிலருக்கு மட்டும் காது அடைத்தது போலவோ, லேசாகத் தலை கனப்பது போலவோ இருக்கும். அவர்கள் இதன் அளவைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது அணைத்துவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரே சீராக வரும் அடித்தொனிச் சத்தத்தைத்தான் இந்த முறை நன்றாக அடக்கும். இன்ஜின், ஏசி, ரயில் சக்கரத்தின் கடகடப்பு எல்லாம் அந்த வகை. குழந்தையின் அழுகை, பக்கத்து சீட் பேச்சு, திடீர் ஹாரன் போன்றவற்றை அதனால் முழுதாக அழிக்க முடியாது. அவற்றைக் குறைப்பது காதை இறுக மூடும் குஷனும் ரப்பர் முனையும்தான். மிச்சத்தை ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு மறைத்துவிடும்.

விமான இருக்கையில் பிறந்த யோசனை

எதிர் அலையால் சத்தத்தை அழிக்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. ஜெர்மனியின் பால் லூக் 1936-லேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அதைத் தலையில் மாட்டும் பொருளாக்க எலக்ட்ரானிக்ஸ் வளர வேண்டியிருந்தது.

1978-ல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்தார் அமர் போஸ். எம்.ஐ.டி. பேராசிரியர். அவருடைய தந்தை, கொல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்டக்காரர். விமானத்தில் கொடுத்த ஹெட்போனை அமர் போஸ் மாட்டிப் பார்த்தார். இன்ஜின் இரைச்சலில் பாட்டு சரியாகவே கேட்கவில்லை. அந்தப் பயணம் முடிவதற்குள் இரைச்சலை நீக்கும் ஹெட்போனுக்கான கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டார். அவருடைய நிறுவனத்தின் முதல் விற்பனை மாடல் 1989-ல் வந்தது. அது விமானிகளுக்கானது. பொதுமக்களுக்கான மாடல் 2000-ல்தான் வந்தது.

முதலில் ஏன் விமானிகளுக்கு? கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் குரல் அவர்களுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். வேண்டாத இரைச்சலை எடுத்தால்தான் வேண்டிய குரல் கேட்கும். இந்தக் கருவி விற்பனைக்கு வந்ததன் நோக்கமே அதுதான். எல்லாவற்றிலிருந்தும் காதை மூடிக்கொள்ள அல்ல.

காதுக்கு நல்லதா, கெட்டதா?

உட்கார்ந்து பயணம் செய்பவருக்கு நல்லது. அதற்குக் காரணம் வால்யூம்.

சுற்றிலும் சத்தமாக இருந்தால் யாருமே பாட்டை அதைவிடச் சத்தமாகத்தான் வைப்பார்கள். பறக்கும் விமானத்துக்குள் இரைச்சல் 80 டெசிபலை ஒட்டி இருக்கும். ஜன்னல் திறந்த ரயிலிலும் இன்ஜின் முன்னால் இருக்கும் பஸ்ஸிலும் கேட்கவே வேண்டாம். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்றால் காது தாங்கும் எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலில் வெறும் 4 மணி நேரம்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், பாதுகாப்பான நேரம் பாதியாகும்.

இதை ஒரு சாதாரண கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வருபவருக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்வோம். 90 டெசிபலில் பாட்டு கேட்டால், அந்த வாரத்துக்கான 4 மணி நேரம் செவ்வாய்க்கிழமை காலையிலேயே தீர்ந்துவிடும். மிச்ச நாள் முழுக்க கடன்தான்.

இந்தக் கடனை அடைக்க வழியில்லை. உள்காதில் ஒலியை உணரும் முடிச்செல்கள் ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 ஆயிரம்தான். மனிதர்களுக்கு அவை செத்தால் திரும்ப முளைக்காது. முடி கொட்டினால் கண்ணாடியில் தெரியும். இந்தச் செல்கள் கொட்டினால் தெரியாது. கூட்டத்தில் எதிராளி பேசுவது புரியாமல் 'என்ன, என்ன' என்று கேட்க ஆரம்பிக்கும்போதோ, இரவில் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் நிற்காமல் கேட்கும்போதோதான் தெரியவரும். தவறான முறையில் சத்தமாகக் கேட்பதால் உலகெங்கும் 100 கோடிக்கும் அதிகமான இளைஞர்களின் செவித்திறன் ஆபத்தில் இருக்கிறது என்கிறது அதே உலக சுகாதார நிறுவனம்.

நாய்ஸ் கேன்சலிங் உதவுவது இங்கேதான். பின்னணி இரைச்சல் குறைந்தால் பாதி வால்யூமிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். ஆனா ஒரு நிபந்தனை: வால்யூமை உண்மையிலேயே குறைக்கணும். இரைச்சலையும் அடக்கிவிட்டு, வால்யூமையும் பழைய இடத்திலேயே வைத்திருந்தால் காசுக்குப் பிடித்த கேடுதான். பாட்டே போடாமல் வெறும் நாய்ஸ் கேன்சலிங்கை மட்டும் ஆன் செய்து தூங்குவது காதுக்கு இன்னும் நல்ல ஓய்வு.

அப்போ சிக்கல் எங்கே?

சிக்கல் எழுந்து நடக்கும்போது தொடங்குகிறது. ரயிலை விட்டு இறங்கியவர், காதில் இருப்பதை மறந்து அப்படியே நடக்கிறார். நடைமேம்பாலம் ஏற அலுப்பு. இறங்கி நாலு எட்டு வைத்தால் அந்தப் பக்கம் போய்விடலாம் என்று தண்டவாளத்தில் கால் வைக்கிறார்.

டீசல் இன்ஜின் தூரத்திலேயே தன் வரவைச் சொல்லிவிடும். மின்சார ரயில் அப்படியல்ல, ஓரளவு அமைதியாகவே வரும். அதன் வருகையைக் காட்டிக்கொடுப்பது சக்கரத்தின் உருளும் சத்தம். அந்த அடித்தொனிச் சத்தத்தைத்தான் நாய்ஸ் கேன்சலிங் முதலில் அழிக்கிறது. மிச்சம் இருக்கும் ஹாரனைக் குஷனும் பாட்டும் பார்த்துக்கொள்கின்றன.

100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் ஆளைப் பார்த்து அவசர பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் தள்ளித்தான் நிற்கும். 'செல்போன் பேசியபடி தண்டவாளத்தைக் கடந்தபோது' என்று தொடங்கும் செய்திகள் தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் பழகிப்போனவை. அந்த வாக்கியத்தில் போனுக்குப் பதிலாக இயர்பட்ஸ் வந்தால், ஆபத்து ஒரு படி கூடியிருக்கிறது என்று அர்த்தம். போன் பேசுபவருக்கு ஒரு காதாவது திறந்திருக்கும்.

தண்டவாளத்தை அத்துமீறிக் கடப்பது ரயில்வே சட்டம் 1989-ன் 147-வது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து நிற்பவரை விட, 'கேட்கலையே' என்று உணர்ந்து நிற்பவர்தான் தினமும் பிழைப்பார்.

ஓட்டுபவர் காதை மூடினால்...

நடப்பவர் காதை மூடினால் ஆபத்து பெரும்பாலும் அவருக்கு. ஓட்டுபவர் மூடினால் மற்றவர்களுக்கும் சேர்த்து. 2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில், ஆளில்லா லெவல் கிராசிங்கைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தார்கள். வேன் ஓட்டுநர் காதில் இயர்போன் மாட்டியிருந்ததாக அப்போது முதற்கட்டத் தகவல்கள் கூறின.

ஹெல்மெட்டுக்குள் இயர்பட்ஸ் போட்டுக்கொண்டு பைக் ஓட்டுவது இன்று சர்வ சாதாரணம். டெலிவரி வேலை பார்ப்பவர்கள் 'மேப் சொல்றது கேட்கணுமே, என்ன பண்றது?' என்பார்கள். நியாயமான தேவைதான். அதற்கு ஹேண்டில்பாரில் ஹோல்டர் பொருத்தி, போன் ஸ்பீக்கரிலேயே வழி கேட்டுக்கொள்ளலாம். எந்த வழியாக இருந்தாலும் ஓட்டும்போது நாய்ஸ் கேன்சலிங் வேண்டவே வேண்டாம். பின்னால் வரும் லாரியின் உறுமல் எரிச்சலான சத்தம்தான். ஆனா அது ஒரு தகவல்.

'டிரான்ஸ்பரன்சி மோட் இருக்கே?'

இருக்கிறது. வெளிச் சத்தத்தை மைக் வழியாக உள்ளே விடும் வசதி அது. கடையில் சில்லறை வாங்கவும், கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கவும் போதும். சாலையைக் கடக்க அதை நம்ப முடியாது. மைக் வழியாக வரும் சத்தத்தை வைத்து, அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணிப்பது வெறுங்காதைப் போல எளிதல்ல. காற்று அடித்தால் மைக்கில் 'புஸ்' என்ற சத்தம்தான் கேட்கும். பாட்டும் சேர்ந்து ஓடினால் அந்த மோட் இருந்தும் பெரிய பயன் இல்லை.

தப்பு காதை மூடியவர் மேல் மட்டுமா?

இல்லை. சீட்டில் உட்கார்ந்த மறு நிமிடமே போனில் ரீல்ஸை ஸ்பீக்கரில் அலறவிடுபவர் பக்கத்தில் இருந்தால், இளைஞர்கள் காதை மூடாமல் வேறு என்ன செய்வார்கள்? ரயிலில் இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் பாட்டு வைக்கக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது என்று ரயில்வே 2022-ல் அறிவுறுத்தியது. அதை யாராவது நினைவூட்டினால்தான் நடக்கும்.

அதே போல, நடைமேம்பாலம் நிலையத்தின் ஒரு கோடியிலும், வெளியே போகும் தெரு மறு கோடியிலும் இருந்தால், மக்கள் குறுக்கு வழியைத்தான் தேடுவார்கள். லிஃப்ட் இல்லாத படிக்கட்டில் லக்கேஜோடு ஏறச் சொல்லிவிட்டு, 'விழிப்புணர்வு இல்லை' என்று மட்டும் சொல்வது பாதி நியாயம்தான். சுரங்கப்பாதை கேட்க வேண்டியது மக்களின் உரிமை. அது வரும் வரைக்கும் காதைத் திறந்து வைத்திருப்பது அவரவர் கையில்.

உட்கார்ந்திருந்தாலும் கழற்ற வேண்டிய நேரங்கள்

* விமானத்தில் பாதுகாப்பு விளக்கம் சொல்லும்போதும், ஊழியர்கள் கழற்றச் சொல்லும்போதும்.
* ஒலிபெருக்கி அறிவிப்பைக் குறைத்துவிட்ட விமான நிலையங்களில் காதை நம்பிப் பயனில்லை. போர்டிங் நேரத்தில் கண் திரையில் இருக்கட்டும்.
* ரயில் நிலையத்தில் காத்திருக்கும்போது. கடைசி நிமிடத்தில் நடைமேடை மாறலாம்.
* இரவில் தனியாக கேப்பில் போகும்போது. வண்டி வேறு வழியில் திரும்புவதும், டிரைவர் போனில் பேசுவதும் தெரிய வேண்டும்.
* இறங்கும் இடத்துக்கு 10 நிமிடம் முன்பு. வைப்ரேஷனோடு அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.
* பக்கத்தில் இருக்கும் வயதான அம்மா எதையோ கேட்க வாயெடுக்கும்போது.

பழக்கமாக்கிக்கொள்ள ஒரே ஒரு விதி போதும்: சீட் நுனிக்கு வந்ததும் கை முதலில் காதுக்குப் போகட்டும், அப்புறம் பைக்குப் போகட்டும். கழற்றியதைக் கழுத்தில் தொங்கவிட்டால் மறுபடி காதுக்கு ஏறிவிடும். டப்பாவில் வைத்து மூடிவிட்டு இறங்குவதுதான் நல்லது. பாட்டு எங்கேயும் போய்விடாது, விட்ட இடத்திலிருந்தே தொடரும்.