பந்தயத் தடம் உண்டு, பந்தயம் இல்லை: நொய்டா உணர்த்தும் வணிகக் கணக்கு

ஃபார்முலா 1 கார் பந்தயத்தை மீண்டும் இந்தியாவில் நடத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், உத்தரப் பிரதேச மாநிலம் கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்தா சர்வதேச பந்தயத் தடமே முதலில் சுட்டிக்காட்டப்படுகிறது. 5.125 கி.மீ. நீளமுள்ள இத்தடத்தில் 2011 முதல் 2013 வரை மூன்று பந்தயங்கள் நடைபெற்றன. மூன்றிலும் ஜெர்மனி வீரர் செபாஸ்டியன் வெட்டல் வெற்றி பெற்றார். அதன் பின்னர் ஃபார்முலா 1 அங்குத் திரும்பவில்லை.

பந்தயத்தை விளையாட்டாகக் கருதாமல் கேளிக்கையாகக் கருதி மாநில அரசு வரி விதித்தது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. எனினும், அடிப்படைச் சிக்கல் வருவாய்ப் பங்கீட்டில்தான் உள்ளது. தடத்தை அமைத்த ஜேபி குழுமம், பந்தயத்தை நடத்தும் உரிமைக்காக 4 கோடி அமெரிக்க டாலர் கட்டணம் செலுத்த 2011-இல் ஒப்பந்தம் செய்தது. ஒளிபரப்பு, விளம்பரம் போன்ற பெரிய வருவாய்கள் ஃபார்முலா 1 குழும நிறுவனங்களுக்கே சென்றன. தடத்தின் உரிமையாளர் பெரிதும் நுழைவுச்சீட்டு விற்பனையையே நம்ப வேண்டியிருந்தது. அத்தடத்தை ஃபார்முலா 1 நிறுவனத்தின் நிரந்தர வணிக இடமாகக் கருதலாம் என்றும், அங்கு ஈட்டிய வருவாய்க்கு இந்தியாவில் வரி செலுத்த வேண்டும் என்றும் 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஐபிஎல் கிரிக்கெட்டின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அங்கு அணிகள் மைதானம் கட்டுவதில்லை. 2023-27 காலத்துக்கான ஒளிபரப்பு உரிமை ரூ.48,390 கோடிக்கு விற்பனையானது. அதில் அணிகளுக்கும் பங்கு கிடைக்கிறது. லக்னௌ அணி ரூ.7,090 கோடிக்கு ஏலம் போனதற்கு இந்த உறுதியான வருவாயே அடிப்படை.

சிங்கப்பூரில் 2008 முதல் நடைபெறும் ஃபார்முலா 1 பந்தயத்தின் செலவில் 60 சதவீதத்தை அரசு ஏற்கிறது. பந்தய நாள்களில் விடுதிகள் ஈட்டும் வருவாயில் ஒரு பகுதியை அரசு சிறப்புத் தீர்வையாகப் பெறுகிறது.

நொய்டாவில் இத்தகைய ஏற்பாடு இல்லை. நிலுவைத் தொகை காரணமாக, தடம் உள்ளிட்ட நிலத்தின் ஒதுக்கீட்டை யமுனா விரைவுச்சாலை தொழில் மேம்பாட்டு ஆணையம் 2020-இல் ரத்து செய்தது. ஜேபி குழுமத்தின் ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் நிறுவனம் 2024-இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. 2023 செப்டம்பரில் நடைபெற்ற மோட்டோ ஜிபி பைக் பந்தயமும் மறு ஆண்டு தொடரவில்லை.

எனவே, தடத்தைச் சீரமைப்பது மட்டும் தீர்வாகாது. கட்டணத்தை யார் செலுத்துவது, இழப்பு ஏற்பட்டால் யார் ஏற்பது, சுற்றுலா வருவாயில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பவற்றை ஒப்பந்தத்துக்கு முன்பே முடிவு செய்யாவிட்டால், பந்தயம் திரும்பினாலும் நிலைக்காது.