கடைக் கல்லாவும் கல்லூரி வாசலும்



சென்ற கோடை விடுமுறையில், காந்தி மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஒரு சகோதரர் நம்மிடம் ஒரு காகிதத்தை நீட்டி, "இது என்ன பாய், இருபதாயிரம் கேட்கிறானுங்க?" என்றார். பிளஸ் ஒன் முடித்த அவருடைய மகனுக்கு நான்கு வாரம் 'இன்டர்ன்ஷிப்', அதாவது படிக்கும்போதே பெறும் வேலைப் பயிற்சி, ஏற்பாடு செய்து தருவார்களாம். முடிவில் சான்றிதழ். அது கையில் இருந்தால் பெரிய கல்லூரியில் இடம் உறுதி என்று ஒரு ஏஜென்ட் எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்த நேரத்தில் பையன் எங்கே இருந்தான் தெரியுமா? அத்தாவின் கடையில், தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிட்டை போட்டுக் கொண்டிருந்தான்! எந்த ஊர் லோடில் எத்தனை பெட்டி, எவ்வளவு அழுகல் கழிந்தது, எந்தச் சில்லறைக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வீட்டிலேயே இருக்கும் பயிற்சியை விட்டுவிட்டு, வெளியே காகிதத்தை விலைக்கு வாங்கச் சொல்கிறார்கள்.

முதலில் உண்மை நிலவரத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்ட பிறகு, பொறியியல் இடத்தைத் தீர்மானிப்பது பிளஸ் டூ மதிப்பெண்தான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்குக் கட்-ஆஃப். மருத்துவத்துக்கு 2017 முதல் நீட். நம் துவாக்குடி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. இவற்றில் எதிலும் இன்டர்ன்ஷிப் சான்றிதழுக்கு அரை மார்க்கும் கிடையாது. இதைச் சொல்லாமல் பணம் கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

அப்படியானால் அந்தப் பயிற்சிக்கு எங்குமே மதிப்பில்லையா? இருக்கிறது. இந்தூர் ஐ.ஐ.எம். பிளஸ் டூ முடித்தவர்களுக்காக 2011இல் தொடங்கிய ஐந்தாண்டு மேலாண்மைப் படிப்பிலும், பெங்களூரு அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்திலும் எழுத்துத் தேர்வோடு நேர்முகமும் உண்டு. அங்கே "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்வி வரும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில், படிப்புக்கு வெளியே செய்த பத்துக் காரியங்களை எழுத இடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இன்டர்ன்ஷிப்புக்குப் பக்கத்திலேயே சம்பள வேலைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டுக்காக உழைக்கும் மாணவனின் உழைப்பையும் கல்லூரிகள் மதிக்க வேண்டும் என்று ஹார்வர்டு கல்வியியல் பள்ளி 2016இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஆனால் நம் பையன்களோ, அத்தாவுக்கு மண்டி என்று சொல்லவே கூச்சப்படுகிறார்கள்!

இளைஞனே! கடையில் உட்கார்ந்தால் மட்டும் அது பயிற்சியாகிவிடாது. ஒரு நோட்டுப் போடு. விடுமுறையில் முப்பது நாள் தக்காளி லோடை எடுத்துக்கொள். வந்த பெட்டி எத்தனை, கழிவு எத்தனை கிலோ, லாரி தாமதமான நாளில் கழிவு கூடியதா? மழை நாளில் விலை எப்படிப் போனது? அத்தாவின் பாக்கிப் பேரேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார். மூன்று மாதமாக வசூலாகாத பணம் எவ்வளவு என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். நேர்முகத்தில் இதைச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். செய்யாததைச் செய்ததாக மட்டும் எழுதாதே. இரண்டாவது கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும்.

வியாபாரிகளே! உங்களிடம் கேட்பது இரண்டு. உங்கள் மகனுக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு, பக்கத்துத் தெருவில் கடையில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு மார்க்கெட் தோதுப்படாது என்றால், உங்கள் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு மாதம் உட்கார ஏற்பாடு செய்யுங்கள். அடுத்து, சட்டத்தை மறக்காதீர்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயது நிரம்பாத பிறர் பிள்ளையைக் கடை வேலைக்கு வைப்பது குற்றம். 14 முடிந்து 17 நிரம்பாதவர்களைக் காலை 6 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கடையில் வேலை வாங்கக் கூடாது என்கிறது 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம். ஆகவே நள்ளிரவில் லோடு இறக்க அவர்களைக் கூப்பிடாதீர்கள். பகலில் கணக்கைக் கொடுங்கள்.

இன்னொரு பயமும் நமக்கு உண்டு. கல்லாவில் உட்கார்ந்த பையனுக்குக் கையில் காசு புழங்கும். காசு புழங்கினால் பாடம் கசக்கும். "இனி எதற்குப் படிப்பு, கடையைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று அத்தாவும் சொல்லிவிடுவார். பத்தாவதோடு, பிளஸ் டூவோடு நம் பிள்ளைகள் நின்றுபோன கதைகளில் பாதி இப்படித்தான் தொடங்கியது. அதனால் தொடங்கும்போதே நாளைக் குறித்துவிடுங்கள். பள்ளி திறக்கும் அன்று பயிற்சி முடிகிறது.

அந்த மண்டிக்காரச் சகோதரர் இருபதாயிரத்தைக் கட்டவில்லை. மகன் எத்தனை நாள் வந்தான், என்ன கணக்குப் பார்த்தான் என்று கடை லெட்டர்பேடில் நான்கே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடைசிப் பரீட்சை முடியும் வரை அந்தப் பையனுக்குக் கடைப்பக்கம் வர அனுமதி இல்லை.