வரப்பில் நின்றால் கதிர் தெரியாது

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் நிவாரண அறிவிப்புக்குக் கைதட்டச் சொன்னார்கள். தட்டுவோம், கணக்கைப் பார்த்துவிட்டு. மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். எங்கள் கீழப்பழுவூரில் யாரும் ஹெக்டேரில் உழுவதில்லை. ஏக்கருக்கு என்று பார்த்தால் சுமார் 3,440 ரூபாய். 2021 ஜனவரி மழைக்கு இதே மானாவாரிக்கு அறிவித்தது ஹெக்டேருக்கு 10,000. நெல்லுக்கு அப்போது 20,000, 2023 பிப்ரவரியிலும் 20,000, ஃபெஞ்சலுக்கு 17,000. உரமும் உழவு வாடகையும் ஆள்கூலியும் இறங்கிவிட்ட ஊர் எது என்று சொன்னால் நாங்களும் அங்கே குடிபோகிறோம்.

அதையாவது எல்லோருக்கும் கொடுப்பார்களா என்றால், குறுக்கே 33 நிற்கிறது. பயிர் 33 சதவீதமோ அதற்கு மேலோ பாழாகியிருந்தால்தான் பணம். 32 என்றால் பைசா கிடையாது. அந்த ஒரு சதவீதத்தை அளக்கும் கருவி எந்தக் கடையில் விற்கிறது? வி.ஏ.ஓ.வும் வேளாண் துறை அலுவலரும் சேர்ந்து கூட்டுக் கணக்கெடுப்பு என்கிறார்கள். நடப்பது என்ன? தார்ச்சாலையில் பைக்கை நிறுத்தி, வரப்பு வரைக்கும் வந்து, செல்போனில் ஒரு படம்.

நெல் சாய்ந்து கிடந்தால் படத்தில் தெரியும். மக்காச்சோளம் அப்படியா? நாலு நாள் தண்ணீர் நின்று வடிந்த பிறகும் தட்டை பச்சையாகத்தான் நிற்கும். உள்ளே போய்க் கதிரின் மட்டையை உரித்தால்தான் பொக்கையாக நிற்கும் வரிசைகளும் பூஞ்சணமும் கண்ணில் படும். பருத்தியும் அதே கதை: செடி தளதளவென்று இருக்கும், சப்பையும் பிஞ்சும் காலடிச் சேற்றில் கிடக்கும். வரப்பில் நிற்பவருக்கு இது பத்து சதவீதச் சேதம். போட்ட காசு போனவருக்கு நூறு.

கணக்கெடுக்க வரும் தம்பிகளே, உங்கள் மேல் கோபமில்லை. ஒருவர் தலையில் எத்தனை கிராமங்களைக் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்குங்கள். வயலுக்குப் பத்துக் கதிர் உரியுங்கள். தொகையை உயர்த்தத்தான் கோட்டையில் கையெழுத்து வேண்டும். மட்டை உரிக்க எந்த அரசாணையும் வேண்டாம். யாருக்கு எத்தனை சதவீதம் போட்டீர்கள் என்ற பட்டியலைப் பொங்கலுக்குள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். குத்தகைக்கு உழுதவர் பெயர் அதில் இருக்கிறதா, பட்டாதாரர் பெயர் மட்டும்தானா என்பதை ஊரே படித்துச் சொல்லிவிடும்.

2018இல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்றபோது மானாவாரிக்குக் கொடுத்தது ஹெக்டேருக்கு 7,410. அன்றைக்கும் இதே வரப்பு, இதே பார்வை.

புயல் நேரத்தில் ஏரிப் பேச்சு எதற்கு என்பார்கள். இப்போது பேசாமல் எப்போது பேசுவது? டிசம்பரில் வயலை மூழ்கடிக்கும் தண்ணீர் ஏப்ரலில் எங்கே போகிறது? திருமானூர்ப் பக்கம் கண்டராதித்தத்தில் செம்பியன் மாதேவி பெயரில் ஒரு பேரேரி இருக்கிறது. சோழர் காலத்தில் வெட்டியதைத் தூர்வாரக்கூட நமக்கு மனு எழுத வேண்டியிருக்கிறது. மழைத்தண்ணீர் போய்ச் சேர இடமிருந்தால் மக்காச்சோள வேர் நாலு நாள் ஊறிக் கிடக்காது, 33க்கும் வேலை இருக்காது. கோடையில் ஏரி வறண்டதும் பொக்லைன் இறங்க வேண்டும். அதற்கான மதிப்பீட்டை நீர்வளத் துறை டிசம்பரிலேயே போட்டு அனுப்பினால்தான் பணம் வந்து சேரும். மே மாதம் கோப்பு நகர்ந்தால் அடுத்த மழை முந்திக்கொள்ளும்.