நுளம்பு மட்டையும் நமது வீட்டுப் பாதுகாப்பும்



மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் ஜன்னல்களை அடைத்துவிட்டு நுளம்பு மட்டையைக் கையில் எடுப்பது இன்று நமது வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நுளம்புச் சுருளின் புகை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் இழுப்பு நோயாளிகளும் உள்ள வீடுகளுக்கு இது நல்ல உதவிதான். ஆனால் விளையாட்டுச் சாமான் போல அதைக் கட்டிலிலும் கதிரையிலும் போட்டு வைக்கிறோம். பழுதாகிவிட்டால் வீட்டில் எவராவது திருப்புளியை எடுத்துக் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். எதை நாமே பார்த்துச் சரிசெய்யலாம், எதில் கைவைக்கக் கூடாது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

உள்ளே நடப்பது என்ன?

மட்டையின் கைப்பிடிக்குள் ஒரு சிறிய பெட்டரி இருக்கிறது. பழைய வகைகளில் பெரும்பாலும் 4 வோல்ட் ஈய அமில பெட்டரி. புதிய வகைகள் பலவற்றில் 3.7 வோல்ட் லிதியம் பெட்டரி. பொத்தானை அழுத்தியதும் உள்ளேயுள்ள மின்சுற்று இதனை ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி வலைக்கு அனுப்புகிறது. அந்த மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்புக்குக் கொள்ளளவி என்று பெயர். பொத்தானை விட்ட பின்னரும் அதில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

வலையைக் கண்டுதான் நாம் பயப்படுகிறோம். வலையில் வோல்ட் அதிகம் என்றாலும் சேர்ந்திருக்கும் மின்சாரம் சிறிதளவே. சுகதேகி ஒருவருக்கு அது சுளீரென்று வலிக்கும், அவ்வளவுதான். இருதய நோயாளிகளும் சிறு பிள்ளைகளும் மட்டும் அதையும் தொடாமல் இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து இருப்பது சுவரில் செருகும் பிளக்கில்தான். மலிவான மட்டைகளில் வீட்டு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்போமர் கிடையாது. 230 வோல்ட் மின்சாரம் நேராகவே உள்ளே போகிறது. ஆகவே பிளக் சுவரில் இருக்கும் வரை கைப்பிடிக்குள் உள்ள கம்பிகளும், ஏன் வலையும் கூட, வீட்டு மின்சாரத்தோடு தொடர்பு கொண்டவை என்றே எண்ண வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது பொத்தானை அழுத்தாதீர்கள், வலையைத் தொடாதீர்கள். மூடி வெடித்த மட்டையைச் செருகவே வேண்டாம். சொக்கட்டின் மேல் துளைக்குள் பேனையைக் குத்தி இரட்டைக் கம்பி பிளக்கைத் திணிக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்குப் பொருத்தமான அடப்டர் கடையில் கிடைக்கிறது. பிளக்கைக் கழற்றிய உடனே அதன் கம்பிகளைத் தொட்டால் சிலவற்றில் சுண்டி அடிக்கும். அதையும் நினைவில் வையுங்கள்.

நாமே சோதிப்பது எப்படி?

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கைகளை நன்றாகத் துடைத்து, காலில் றப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள்.

1. பக்கத்திலுள்ள சிறு சுவிச்சைப் போட்டு, பொத்தானை அழுத்துங்கள். மின்குமிழ் எரியாவிட்டால் பெட்டரி இறங்கியிருக்கலாம். வேறொரு சாமானைச் செருகி சொக்கட்டில் மின்சாரம் வருகிறதா என்று பார்த்த பின் சார்ஜ் ஏற்றுங்கள்.

2. மின்குமிழ் எரிந்தால், பிளாஸ்டிக் கைப்பிடியுள்ள திருப்புளியின் கைப்பிடியை மட்டும் பிடித்து, அதன் இரும்பு நடுவலையிலும் வெளிவலையிலும் ஒரே நேரத்தில் படும்படி வையுங்கள். "டப்" என்று பொறி பறந்தால் மட்டை நன்றாக இருக்கிறது. விரலால் சோதிக்கவே கூடாது.

3. நுளம்பு எதுவும் படாமலே வலை சீறிக்கொண்டிருந்தால், செத்த பூச்சி சிக்கியிருக்கிறது அல்லது வலைகள் வளைந்து ஒன்றோடொன்று முட்டுகின்றன.

சுத்தம் செய்வதும் அப்படித்தான். சுவிச்சை நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து, முன்சொன்னவாறு திருப்புளியை வைத்து மிஞ்சியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். பிறகு உலர்ந்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷினால் தட்டிவிடுங்கள். வளைந்த கம்பியை ஈர்க்கினால் மெதுவாக நிமிர்த்தலாம். தண்ணீர் படவே கூடாது, ஈரத்துணியும் வேண்டாம். "வேலை செய்யவில்லை" என்று எறியப்படும் மட்டைகளில் பலவற்றுக்கு இவ்வளவே போதுமாக இருந்திருக்கும்.

கடையில் கொடுக்கும்போது

மின்குமிழ் எரிந்தும் சுத்தம் செய்த பிறகும் பொறி வராவிட்டால் கோளாறு உள்ளே இருக்கிறது. சார்ஜ் ஏற்றியும் எரியாவிட்டால் பெட்டரி தீர்ந்திருக்கலாம். இரண்டையும் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பழைய பெட்டரியின் அதே வகையைத்தானா போடுகிறார்? ஈய அமில பெட்டரி இருந்த இடத்தில் லிதியம் பெட்டரியைப் போட்டால், நிரம்பியதும் மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாடு அந்த மட்டையில் இருக்காது. பெட்டரி சூடாகித் தீப்பிடிக்கக் கூடும். உப்பிய பெட்டரியையும் கசிந்த பெட்டரியையும் குத்தாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள். ஈய அமில பெட்டரி மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தால் கெட்டுவிடும். பாவிக்காத காலத்திலும் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள்.

இரவில் சார்ஜ் வேண்டாம்

இஷாவுக்குப் பின் மட்டையைச் செருகிவிட்டு ஸுபஹ் வரை தூங்குவது நம்மில் பலரின் பழக்கம். தூங்கும்போது விளக்கை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்ற காரணத்தையும் சொல்லியிருக்கிறார்கள். திரி போய் வயர் வந்துவிட்டது, ஆனால் காரணம் மாறவில்லை. எல்லோரும் விழித்திருக்கும் பகல் வேளையில், மெத்தையும் திரைச்சீலையும் இல்லாத இடத்தில், பெட்டியில் எழுதியுள்ள நேரத்துக்கு மட்டும் சார்ஜ் ஏற்றுங்கள்.

வலையில் பறக்கும் பொறியும் நெருப்புத்தான். குசினியில் காஸ் மணம் வரும்போதும், மண்ணெண்ணெய், பூச்சி மருந்து ஸ்ப்ரே பக்கத்திலும் மட்டையை இயக்க வேண்டாம். யாருக்காவது மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாமல் முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். வீட்டிலுள்ள ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சுவிச் விழாவிட்டால் மின்னியலாளரை அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. 2017 ஆம் ஆண்டில் நமது நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். டெங்கு நுளம்பு கடிப்பது பெரும்பாலும் பகலில், காலையிலும் மாலையிலும். இரவில் மட்டையை வீசி அதைத் தடுக்க முடியாது. யோகட் கோப்பை, சிரட்டை, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது ஊற்றிவிடுங்கள். பறக்கும் நுளம்பை அடிப்பதை விட அது பிறக்கும் இடத்தை அழிப்பதே மேல்.

நமது வீடுகளையும் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.