தையல் பிரித்தால் முடிந்து விடுமா?



தைராய்டு ஆபரேஷன் செய்து கொண்ட பெண்ணை நம் வீடுகளில் ஒரு பத்து நாள் நன்றாகத்தான் பார்த்துக் கொள்கிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக உறவுக்காரர்கள் வந்து போகிறார்கள். கழுத்தில் தையல் பிரித்ததும், "அப்பாடா, கண்டம் தப்பிச்சது. இனிமே ஒண்ணுமில்லே" என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய் விடுகிறார்கள். அவளும் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைக்கிறாள். உண்மையில் அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பம் என்பது என் அபிப்ராயம்.

எனக்கு வயது 52. கழுத்தில் இரண்டு பக்கமும் கட்டிகள் வளர்ந்து, சாதம் முழுங்கவே கஷ்டமானதால், 4 வருஷம் முன்பு தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்து விட்டார்கள். நல்லவேளை, புற்றுநோய் இல்லை. நான் பட்டதையும் பார்த்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதல் சில நாட்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் 4 குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைச் சரியாக வைப்பது அவைதான். ஆபரேஷனில் அவை கொஞ்சம் அலுங்கி விட்டால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போல மரத்துப் போகும். கை கால் இழுத்துக் கொள்ளும். எனக்கு மூன்றாம் நாள் அப்படி வந்தது. "வாயுப் பிடிப்பாயிருக்கும்" என்று வீட்டில் தைலத்தை எடுத்தார்கள். நர்ஸ் முன்பே சொல்லியிருந்ததால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கால்சியம் கொடுத்ததும் சரியாகி விட்டது. இதை மட்டும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்தது குரல். குரல்வளைக்குப் போகும் நரம்பு தைராய்டை ஒட்டியே போகிறது. மூன்று வாரம் எனக்குக் கம்மிய குரல்தான். வாசலில் நிற்கும் பால்காரரைக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. பெரும்பாலும் இது தானே சரியாகி விடும். சரியாகாவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். குடம் தூக்குவது, மாவு அரைக்க உட்காருவது எல்லாம் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான்.

தாலி விஷயத்தையும் சொல்லி விடுகிறேன். வெட்டுக்காயம் சரியாகச் சங்கிலி உரசுகிற இடத்தில்தான் இருக்கும். ஆறும் வரை கழுத்தில் எதுவும் போடக் கூடாது என்றார் டாக்டர். என் மாமியார் தாலியை வாங்கி பூஜை அறையில் விளக்கின் முன் வைத்து, "அம்பாள் காலடியிலே இருக்கட்டும். உன் கழுத்து ஆறினதும் போட்டுக்கோ" என்றார். அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தவர்களுக்கும் அவரே பதில் சொன்னார். எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் இருந்தால் பாதி வலி குறையும். மஞ்சள் கயிற்றையாவது கட்டு என்று கட்டாயப்படுத்துவதும், காயத்தின் மேல் மஞ்சள் அரைத்துப் பூசுவதும் வேண்டாமே!

இவையெல்லாம் சில வாரங்களில் தீர்ந்து போகும். தீராதது மாத்திரை.

அதை 'நோய்க்கு மருந்து' என்று நினைப்பதில்தான் கோளாறே இருக்கிறது. சுரப்பி நமக்குத் தினமும் கொடுத்து வந்த தைராக்ஸின் என்ற சத்தைத்தான் இப்போது மாத்திரை கொடுக்கிறது. சோறு சாப்பிடுகிறவளைப் பார்த்து "சோத்துக்கு அடிமையாயிட்டா" என்று யாராவது சொல்வார்களா? 1883-ல் ஸ்விட்சர்லாந்து சர்ஜன் கோச்சர், தைராய்டை முழுவதும் எடுத்தவர்கள் பிற்பாடு உடம்பு ஊதி, புத்தி மந்தமாகிப் போனதை எழுதி வைத்தார். அப்போது அதற்கு மாற்று எதுவும் கிடையாது. 1891-ல் இங்கிலாந்தில் முர்ரே என்ற டாக்டர், தைராய்டு வேலை செய்யாமல் போன 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்த அம்மாள் மேலும் 28 வருஷம் வாழ்ந்து, 74 வயதில்தான் காலமானார். அவருக்கு ஊசியில் போனது நமக்கு ஒரு பொட்டு அளவு மாத்திரையில் கிடைக்கிறது. ஒரு நாள் மாத்திரைக்கு ஓட்டல் காபி விலைகூட ஆகாது.

இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதால்தானோ என்னவோ, அலட்சியமும் அதிகம். எங்கள் தெருவில் ஒரு அக்கா. அவருக்கும் என்னைப் போலவே முழு ஆபரேஷன். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "ஆயுசுக்கும் மாத்திரையா? உடம்பு கெட்டுடும், விட்டுடு" என்று சொல்ல, விட்டு விட்டார். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. "பாரு, நல்லாத்தானே இருக்கேன்" என்று என்னிடமே சொன்னார். உள்ளே போன தைராக்ஸின் பாதி கரையவே ஒரு வாரம் ஆகும். அதனால் நிறுத்தியது உடனே தெரியாது. இதுதான் ஆபத்து.

மூன்றாவது மாதம் முகம் வீங்கி, குரல் தடித்து, சித்திரை வெயிலில் போர்வை கேட்டார். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பருப்பு வேக வைத்து விட்டு அடுப்படியிலேயே தூங்கிப் போனார். வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஆபரேஷன் சாக்கை வச்சு சோம்பேறியாயிட்டா!" கடைசியில் டாக்டரிடம் போனபோது, இன்னும் சில நாள் போயிருந்தால் நினைவு தப்பி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றாராம். பழையபடி ஆள் ஆவதற்குப் பல மாதம் ஆயிற்று. அந்த அக்கா சோம்பேறி இல்லை. வேண்டியது கிடைக்காமல் உடம்பு நின்று போயிருந்தது.

மாத்திரையை நிறுத்தாதவர்களும் பலர் சரியாகப் போடுவதில்லை. காரணம், நம் வீட்டுக் காலை நேரம். இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி, பலகாரம் எதுவும் கூடாது. காபி, மருந்தை உடம்பில் சேர விடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நான் கால்சியத்தை மத்தியானச் சாப்பாட்டோடு வைத்துக் கொண்டேன். விரத நாளிலும் தண்ணீரோடு இதைப் போடத்தான் வேண்டும். ஊருக்குப் போனால் புடவையை மறந்தாலும் மாத்திரையை மறக்கக் கூடாது.

ஐந்து மணிக்கு எழுந்து டிகாஷன் இறக்கி, எல்லோருக்கும் கலந்து கொடுக்கிற பெண், "சூடு ஆறிடும், நீயும் ஒரு வாய் குடி" என்றால் குடித்து விடுகிறாள். அல்லது அவசரத்தில் மாத்திரையையே மறந்து விடுகிறாள். குழந்தைக்கு டானிக், மாமனாருக்கு பிரஷர் மாத்திரை என்று நேரம் தவறாமல் எடுத்துக் கொடுப்பவளுக்கு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. காலை சரிப்படவே சரிப்படாது என்றால், ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு அது ஒத்து வருகிறது. கொஞ்ச நாள் காலை, கொஞ்ச நாள் ராத்திரி என்று மாற்றிக் கொண்டே இருப்பதுதான் கூடாது.

அளவு சரியா என்று டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையில் தெரியும். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சும்மா சும்மா களைப்பு, படபடப்பு, எடை ஏறுவது, அழுகை வருவது என்றால் 'வயசாயிடுச்சு' என்று நீங்களே தீர்ப்பு எழுதாமல் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரியின் அளவு நமக்கு ஆகாது.

கல்யாணமாகாத பெண்களைப் பெற்ற தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கழுத்துத் தழும்பைப் பார்த்து, "இவளுக்குக் குழந்தை பிறக்குமா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தைராய்டை எடுத்ததாலேயே தாய்மை போய் விடாது. மாத்திரை அளவைச் சரியாக வைத்துக் கொண்டால் கருத்தரிக்கலாம், பெறலாம். கர்ப்பம் என்று தெரிந்த உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்போது பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். தழும்பை மறைத்துக் கல்யாணம் பேசினால், பெண் புகுந்த வீட்டில் மாத்திரையையும் மறைத்துப் போட வேண்டி வரும். மறைத்துப் போடுகிற மாத்திரை சீக்கிரமே நின்று போகும். அதனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லி விடுங்கள்.

கணவன்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஆபரேஷனுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து விட்டுக் கணக்கை மூடி விடாதீர்கள். காலையில் அந்த ஒரு மணி நேரத்தை அவளுக்கு விட்டுக் கொடுங்கள். முதல் டம்ளர் காபியை நீங்களே கலந்து குடியுங்கள், ஒன்றும் குறைந்து போகாது. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்தது வாங்கி வையுங்கள். சகோதரிகளே, நீங்களும் "எனக்கென்ன, பரவாயில்லே" என்று சொல்லாமல் வாய் திறந்து கேளுங்கள்.

- ஒரு வாசகி, மயிலாடுதுறை.