ஆசிரியர்களை வெளியேற்றியது எது?

ஒன்றிய கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் பிளஸ் அறிக்கைகளின்படி 2020-21இல் நாட்டின் பள்ளிகளில் 96.96 லட்சம் ஆசிரியர்கள் பணிபுரிந்தனர். அடுத்த ஆண்டில் அவர்கள் 95.07 லட்சமாகக் குறைந்தனர். ஒரே ஆண்டில் 1.89 லட்சம் பேர் பள்ளிகளிலிருந்து மறைந்துவிட்டனர். பெருந்தொற்றின் விளைவு என்று சொல்லி இந்தக் கணக்கை முடித்துவிட ஆட்சியாளர்கள் விரும்புவார்கள். இந்தத் தலைமுறைக்கு அர்ப்பணிப்பு இல்லை என்ற புலம்பலும் கேட்கிறது.

அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. அரசுப் பள்ளிகளில் சரிவு 0.9 விழுக்காடு, தனியார் பள்ளிகளிலோ 2.94 விழுக்காடு. கிருமிக்கு அரசுப் பள்ளி எது, தனியார் பள்ளி எது என்று தெரியாது. பின் ஏன் ஓரிடத்தில் மூன்று மடங்குக்கும் மேலான இழப்பு? விடை தொற்றில் இல்லை. அதற்கு முன்பே நிலவிய பணி நிலைமைகளில் இருக்கிறது.

தாராளமயக் காலத்தில் ஆசிரியர் பணி திட்டமிட்டு மலிவாக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் சிக்‌ஷா கர்மி, உத்தரப்பிரதேசத்தில் சிக்‌ஷா மித்ரா, பீகாரில் நியோஜித் ஆசிரியர் எனப் பெயர்கள் வேறு, சரக்கு ஒன்றே. நிரந்தரப் பணியிடத்தை ஒழித்து, அதே வேலையைக் குறைந்த கூலிக்கு வாங்குவதுதான் அது. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உத்தரப்பிரதேசத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணி நிரந்தரத்தை இழந்தனர். ஏறத்தாழ 40,000 ரூபாய் ஊதியம் 10,000 ரூபாய் மதிப்பூதியமாகச் சுருங்கியது. தற்காலிக ஊழியர்க்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று 2016இல் கூறிய அதே நீதிமன்றம், 2019 மே மாதம் பீகார் ஆசிரியர்களுக்கு அது பொருந்தாது என்றது.

தனியார் பள்ளிகளின் நிலை இதனினும் கொடிது. பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வேறொரு தொகை. கோடை விடுமுறைக்கு ஊதியமில்லை. அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் பெட்டியில் பிணை. இந்த அநீதியை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றம் செல்லவும் வழியில்லை. தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்லர் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பணிக்கொடையும் 2004இல் மறுக்கப்பட்டது. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகும் நிர்வாகங்கள் வழக்காடின. 2022 ஆகஸ்டில்தான் அவர்களின் மனுக்கள் தள்ளுபடியாயின. ‘குரு’ என்று வணங்குவார்கள். கூலி கேட்டால் சட்டத்தில் இடமில்லை என்பார்கள்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, இந்தப் பாதுகாப்பற்ற கட்டமைப்பு ஒரே தள்ளில் சரிந்தது. ஊதியம் பாதியாயிற்று, பிறகு நின்றது. கைபேசிச் செலவும் இணையச் செலவும் ஆசிரியர் தலையில் விழுந்தன. பட்டம் பெற்ற ஆசிரியர்கள் தெலங்கானாவில் ஊரக வேலைத்திட்டத்தில் மண் சுமந்தனர். 2021 ஏப்ரலில் அம்மாநில அரசு அவர்களுக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் அறிவிக்க நேர்ந்தது. அந்த அறிவிப்பே அவர்களின் நிலைக்குச் சாட்சியம்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மட்டும் தப்பினார்களா? கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர்ப் பணிகளுக்கு அவர்களை அனுப்ப இடமளிக்கிறது. இரண்டாம் அலையின் உச்சத்தில் உத்தரப்பிரதேச அரசு பஞ்சாயத்துத் தேர்தலை நடத்தியது. 1,621 ஆசிரியர்களும் ஊழியர்களும் இறந்ததாகச் சங்கம் பட்டியல் தந்தது. மூன்று பேர் மட்டுமே என்றது அரசு! எதிர்ப்பு வலுத்த பிறகே இழப்பீட்டு விதிகள் தளர்த்தப்பட்டன.

ஓய்வு பெறுவோரின் இடங்களும் நிரப்பப்படுவதில்லை. நாட்டுக்கு இன்னும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் தேவை என்றும், ஏறத்தாழ 1.1 லட்சம் பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள் என்றும் யுனெஸ்கோவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. தகுதித் தேர்வில் தேறியவர்களோ வேலையின்றி நிற்கிறார்கள். கோத்தாரி குழு 1966இல் கேட்ட ஆறு விழுக்காடு நிதியைப் புதிய கல்விக் கொள்கையும் 2020இல் மறுபடி காகிதத்தில் எழுதியது, கஜானாவைத் திறக்கவில்லை.

தோழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சூழ்ச்சி உண்டு. ஆசிரியருக்கு ஊதியம் தரவேண்டும் என்று சொல்லி நிர்வாகங்கள் பெற்றோரிடம் கட்டணம் பறித்தன. கட்டணம் வரவில்லை என்று சொல்லி ஆசிரியரின் ஊதியத்தை வெட்டின. சுரண்டப்படும் இரு தரப்பினரும் ஒருவரையொருவர் பகைவராகக் காணும்படி செய்தன. அந்தப் பெற்றோர்களில் பெரும்பகுதியினர் நமது தொழிற்சங்கங்களிலும் மாதர், வாலிபர் அமைப்புகளிலும் இருப்பவர்களே. ஆகவே கட்டணக் கொள்ளைக்கு எதிரான போராட்டத்தையும் ஆசிரியர் ஊதியத்துக்கான போராட்டத்தையும் ஒரே மேடையில் நடத்த நம்மால் முடியும்.

காலிப் பணியிடங்களை நிரப்பு. சம வேலைக்குச் சம ஊதியம் வழங்கு. தனியார் பள்ளி ஆசிரியரைச் சட்டப்படி தொழிலாளியாக அங்கீகரி. எழுத்துபூர்வ பணி ஆணை தந்து, சான்றிதழ்களைத் திருப்பிக் கொடு. இக்கோரிக்கைகளுடன் ஒவ்வொரு பகுதியிலும் அவர்களைத் தேடிச் செல்வோம். சிதறிக் கிடப்பவரைத்தான் எளிதில் வெளியேற்ற முடியும். அவர்களைச் சங்கமாகத் திரட்டுவது நம் உடனடிக் கடமை.