கிரீஸ் அடித்தால் போதுமா?



எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா நாமக்கல்லில் லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் முப்பது வருடமாக கிரீஸ் கன் பிடிக்கிறார். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, கிங்பின், ஷேக்கிள், ஸ்டியரிங் ராடு என்று ஒவ்வொரு நிப்பிளையும் கையால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். அவர் அடித்த கிரீஸ்தான் எனக்குப் பரீட்சை பீஸ் ஆனது. ஆகவே இந்தக் கட்டுரையில் நான் கிரீஸைக் குறை சொன்னால், அப்பாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

சென்ற செமஸ்டர் விடுமுறையில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறைக்கு எடுபிடி வேலைக்குப் போனேன். அங்கே ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. "இது கிழட்டுக் காராச்சேங்கண்ணா, இதுல என்ன கத்துக்கறது?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "தம்பி, இதோட முன்னங்காலும் சீமை ஸ்போர்ட்ஸ் காரோட முன்னங்காலும் ஒரே குடும்பம். முதல்ல பானெட்டைத் தூக்கு" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு வந்தது. 1961 முதல் அதே வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் அன்றைய மெட்ராஸில் தயாரானது. 1962-ல் டிரையம்ப் கம்பெனி அந்த முன்பக்க சஸ்பென்ஷனையே கொண்டு இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செய்தது. அதுதான் ஸ்பிட்பயர். 1980 வரை அது ஓடிவந்தது. லோட்டஸ் எலான் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே வகை வெர்டிகல் லிங்க்தான். இன்றைக்கு இங்கிலாந்தில் ஸ்பிட்பயர் வைத்திருப்பவர் முன்சக்கரத்தைக் கழற்றினால் எதைப் பார்ப்பாரோ, அதைத்தான் நானும் இந்த ஹெரால்டில் பார்த்தேன்.

மேலும் கீழும் விஷ்போன்கள், நடுவே காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும், மேலே பால் ஜாயிண்ட். இதெல்லாம் நாம் வகுப்பில் வரைந்த படம்தான். கீழே மட்டும் பால் ஜாயிண்ட் கிடையாது. வெர்டிகல் லிங்கின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரனியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் முறுக்கி இறங்கியிருக்கும். லாரியில் கிங்பின் செய்யும் வேலையை இங்கே இந்த மரை செய்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரை கொஞ்சம் ஏறி இறங்கும். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. மாற்றிப் போட முடியாது.

வண்டிக்காரர் சொன்ன கோளாறு, ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, இடது சக்கரம் ஆடுகிறது என்பதே. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டினோம். ஆட்டம் இருந்தது. என்னைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மேஸ்திரி மறுபடி ஆட்டினார். அப்போதும் ஆட்டம்! பேரிங் தேய்ந்திருந்தால் பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றிருக்கும். எனவே கோளாறு அதற்கும் உள்ளே.

ஸ்பிரிங்கைக் கம்ப்ரசர் போட்டு அடக்கி, எல்லாவற்றையும் கழற்றினோம். டிரனியனுக்குள் பழைய கிரீஸ் காய்ந்த சோப்பு மாதிரி கட்டியாக இருந்தது. அதைச் சுரண்டினால் கீழே செந்துரு. மரையின் பற்கள் கத்தி முனையாகத் தேய்ந்திருந்தன. மரை தொடங்கும் இடத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். மேஸ்திரி லிங்கை என் கையில் கொடுத்து, "பாத்துக்க. என்னைக்காவது பார்க்கிங்ல முழுசா ஒடிக்கும்போது இது முறிஞ்சிருக்கும். சக்கரம் மடங்கி வண்டி மூக்குக் குத்தியிருக்கும். ரோட்ல வேகத்துல முறிஞ்சிருந்தா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

இத்தனைக்கும் அந்தக் காரை யாரும் கவனிக்காமல் விடவில்லை. யாரோ தவறாமல் கிரீஸ் அடித்திருக்கிறார்கள். அதுதான் வினை! கம்பெனி கையேடு அந்த டிரனியனுக்குச் சொல்வது கிரீஸ் அல்ல, ஹைபாய்டு கியர் ஆயில். சுமார் 6,000 மைலுக்கு ஒருமுறை அடியில் உள்ள பிளக்கைக் கழற்றி, நிப்பிள் மாட்டி, ஆயில் நிரப்பிய கன்னால் ஆயில் மேலே கசியும் வரை ஏற்ற வேண்டும். இடைவெளி குறைந்த மரையில் ஆயில் பல்லுக்குப் பல் ஊர்ந்து போகும். கிரீஸ் போகாது. அது ஓரிடத்தில் தங்கிக் காயும், தண்ணீரைப் பிடித்து வைக்கும். இரும்பு துருப்பிடிக்கும். துருக் குழியில் விரிசல் பிறக்கும். ஃபெட்டீக் என்று பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதினோமே, அது இதுதான்.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சின்ன வயசுல நானும் ரெண்டு மூணு ஹெரால்டுக்கு அடிச்சிருக்கறன் கண்ணு. கிங்பின் மாதிரின்னு நெனச்சு கிரீஸ்தான் அடிச்சேன். எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. கையேடு ஆங்கிலத்தில், முதலாளியின் மேஜை டிராயரில். கிரீஸ் கன் அப்பாவின் கையில். இரண்டுக்கும் நடுவே யாருமே இல்லை. அந்த நடுவில் நிற்கத்தானே டிப்ளமோ? நாமோ வெள்ளைச் சட்டை கசங்காத வேலை எங்கே கிடைக்கும் என்று பார்க்கிறோம். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து நம் ரெக்கார்டை எழுதுகிறோம். நானும் அப்படி எழுதியவன்தான், மறைக்கவில்லை.

புதுப்பிப்பது என்றால் புது புஷ், புது டிரனியன் வாங்கிப் போட்டுப் பெயிண்ட் அடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். தேய்ந்த மரையில் புது டிரனியனைப் போட்டால் ஆட்டம் போகாது. லிங்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். விஷ்போனின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வண்டி தன் காலில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். காரணம் தெரியாமல் மாற்றிய பாகம் அதே காரணத்தால் மறுபடி கெடும்.

"எலக்ட்ரிக் வண்டி வந்தாச்சு, இன்னும் டிரனியனா?" என்று சில நண்பர்கள் சிரிக்கலாம். எலக்ட்ரிக் வண்டிக்கும் பால் ஜாயிண்ட் உண்டு, புஷ் உண்டு. அதன் ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீர் இறங்கும், துரு பிடிக்கும். பேட்டரிக்காகத் தேய்மானம் விலகி நிற்காது!

என் தாழ்மையான யோசனைகள் இரண்டு. ஒன்று, ஆட்டோ ஷாப்பில் எந்தப் பாகத்தைக் கழற்றினாலும், 'இது ஏன் தேய்ந்தது?' என்று ரெக்கார்டில் நம் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுத வேண்டும். இரண்டு, எந்த நிப்பிளுக்கு என்ன ஆயில், எந்த நிப்பிளுக்கு என்ன கிரீஸ் என்று வண்டிவாரியாகத் தமிழில் அட்டை எழுதி, நம் ஊர் சர்வீஸ் ஸ்டேஷன்களுக்கு மாணவர் பேரவை கொடுக்க வேண்டும். செலவு அதிகம் ஆகாது.

முதல் அட்டையை நான் எழுதிவிட்டேன். அந்த ஹெரால்டு பட்டறையை விட்டுக் கிளம்பிய அன்று, மேஸ்திரியின் அனுமதியோடு பானெட்டுக்கு உள்ளே கட்டிவிட்டேன்: 'கீழ் டிரனியனுக்கு கியர் ஆயில் மட்டும். கிரீஸ் அடிக்கக் கூடாது.' இன்னொரு பிரதி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தார். மறுநாள் அதைத் தன் கிரீஸ் டப்பாவுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தார்.

தோழர்களே, அந்தச் சுவரில் இன்னும் இடம் இருக்கிறது. உங்கள் அட்டை எப்போது?